மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா? பொதுப் பட்டமும் சிறப்புப் பட்டமும்

"சின்னம்மா, ஸ்பெஷலுக்குப் போடட்டோ, ஜெனரலோடயே முடிக்கட்டோ?"

போன கிழமை இரவு பத்து மணிக்கு என் பெறாமகள் தொலைபேசியில் கேட்டாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டுப் பெறுபேறு வந்துவிட்டது. விண்ணப்பப் படிவம் கையில் இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு சொல். "ஸ்பெஷல் கிடைக்கிற பிள்ளை ஏன் ஜெனரல் செய்யவேணும்?" என்கிறார் அப்பா. "ஒரு வருசம் முந்தி முடிச்சால் ஒரு வருசம் முந்தி உழைக்கலாம்" என்கிறார் அம்மா. தோழிகளோ, கெட்டிக்காரர் எல்லாரும் ஸ்பெஷல்தான், மற்றவர்கள் ஜெனரல் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

நான் இருபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் இதே வளாகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் முடித்தவள். அன்று எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவளோடு ஒரு மணித்தியாலம் கதைத்ததை, இதே படிவத்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்காகவும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கவேண்டும். இலங்கையில் நெடுங்காலமாக 'பொது', 'சிறப்பு' என்ற இரண்டு பெயர்தான் இருந்தன. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்குத்தான் மாணவரைத் தயார்செய்தது. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதும் அந்த வழக்கத்தின் சாயல் தொடர்ந்தது: பல பாடங்களை மூன்று ஆண்டு படித்தால் பொது, ஒரே பாடத்தில் நான்கு ஆண்டு ஆழ்ந்தால் சிறப்பு. 1974-இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்துக்கும் அந்த முறையே வந்து சேர்ந்தது.

பிறகு 2012-இல் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வந்தது. சாதாரண தரத்தில் தொடங்கிக் கலாநிதிப் பட்டம்வரை எல்லாத் தகைமைகளையும் படிகளாக அடுக்கிய ஆவணம் அது. இப்போது அதில் 12 படிகள் இருக்கின்றன. மூன்றாண்டு இளமாணிப் பட்டம் 5-ஆம் படி, 90 கிரெடிட் (கிரெடிட் என்பது கற்றல் நேரத்தை அளக்கும் அலகு). நான்காண்டுப் பட்டம் 6-ஆம் படி, 120 கிரெடிட். அந்த 6-ஆம் படிக்குத்தான் 'ஹொனர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் காலத்துப் பட்டச் சான்றிதழில் 'ஸ்பெஷல்' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது, இன்றைய பிள்ளைகளின் சான்றிதழில் 'பச்சிலர் ஒஃப் ஆர்ட்ஸ் ஹொனர்ஸ் இன் ஜியோக்ரஃபி' என்று பட்டத்தின் பெயரிலேயே சேர்ந்துவிட்டது. கம்பஸுக்குள் மட்டும் இன்னும் எல்லாரும் ஸ்பெஷல் என்றே சொல்கிறார்கள்.

இந்த 'ஹொனர்ஸ்' தமிழுக்கு வந்தபோது 'கௌரவப் பட்டம்' ஆனது. அங்கேதான் குழப்பம். 'கௌரவ கலாநிதி' என்று நாம் சொல்வது, ஒருவருடைய சேவைக்காகப் பல்கலைக்கழகம் மதிப்பளித்து வழங்குவது. அதற்குப் பரீட்சை இல்லை. 'கௌரவ கலைமாணி'யோ நான்கு ஆண்டு விரிவுரைக்குப் போய், ஒப்படை எழுதி, பரீட்சை எடுத்து, ஆய்வும் செய்து வாங்குவது. ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால் ஊரில் யாருக்கு விளங்கும்? அதனால் இந்தக் கட்டுரை முழுக்கச் சிறப்புப் பட்டம் என்றே எழுதுகிறேன். பழைய சொல்தான், ஆனால் பிழையில்லாமல் புரியும்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரிது. சிறப்புப் பட்டமும் வகுப்புச் சித்தியும் ஒன்றல்ல. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேல்நிலை, இரண்டாம் வகுப்பு கீழ்நிலை என்பவை எவ்வளவு நன்றாகச் செய்தாய் என்பதற்கான அளவு. பெரும்பாலான பீடங்களில், பாடப் புள்ளிகளின் சராசரியான ஜீபிஏ 3.70-இலிருந்து முதலாம் வகுப்பு, 3.30-இலிருந்து மேல்நிலை, 3.00-இலிருந்து கீழ்நிலை. இந்த வகுப்புகள் பொதுப் பட்டத்துக்கும் உண்டு. பொதுப் பட்டத்தில் முதலாம் வகுப்பு எடுத்தவரும் இருக்கிறார், சிறப்புப் பட்டத்தில் வகுப்பே இல்லாமல் சாதாரண சித்தியோடு வெளியேறியவரும் இருக்கிறார். பொது, சிறப்பு என்பது எதை, எப்படிப் படித்தாய் என்பது. அதை மாணவரைத் தரம்பிரிக்கும் பெயராக்கிக்கொண்டது நாங்கள்தான். அந்தப் பழக்கத்தால், தங்களுக்குப் பொருந்தாத துறைக்குள் மனமில்லாமல் போய்ச் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம், பொறியியல், விவசாயம் போன்ற பீடங்களில் இந்தக் கேள்வியே எழாது, கற்கைநெறியின் காலம் முன்கூட்டியே முடிவானது. தெரிவு இருப்பது முக்கியமாகக் கலைப்பீடத்திலும் விஞ்ஞானபீடத்திலும். கலையில் பெரும்பாலும் முதலாம் ஆண்டு முடிவிலும், விஞ்ஞானத்தில் இரண்டாம் ஆண்டு முடிவிலும் கேட்பார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி வேண்டும், எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது துறைக்குத் துறை வேறு. பீடக் கைநூலை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். மூத்த அண்ணாமார் வாய்வழி சொல்வது அவர்களுடைய அணியின் விதியாக இருக்கும், அது இடையில் மாறியிருக்கலாம்.

சரி, உள்ளே எப்படி இருக்கும்?

பொதுப் பட்டக்காரர் கடைசிவரை மூன்று பாடங்களையும் கொண்டுபோவார். தமிழ், வரலாறு, பொருளியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவளவு ஆழம், ஆனால் மூன்று துறைகளின் பேச்சும் காதில் விழும். பல பாடம் படிப்பதை ஏதோ குறைபோலச் சொல்கிறோம். பிரதேச செயலகத்தில் வேலைசெய்யப் போகிறவருக்கு வரலாறும் பொருளியலும் சேர்ந்து தெரிவது குறையா? பாடசாலையில் ஆளில்லாத பாடத்துக்கும் சேர்த்து நிற்கவேண்டிய ஆசிரியருக்கு? இதை எங்கள் வீடுகளில் யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

சிறப்புப் பட்டத்தில் வகுப்பு சின்னதாகிவிடும். முதலாம் ஆண்டில் இருநூறு பேரோடு மண்டபத்தில் இருந்தவர், பதினைந்து இருபது பேரோடு ஒரு அறைக்குள் வந்துவிடுவார். விரிவுரையாளருக்கு உங்கள் பெயர் தெரியும். நீங்கள் வாசிக்காமல் போனதும் தெரியும். பாடத்தின் கோட்பாடு, ஆய்வுமுறை, புள்ளிவிவரம் என்று பொதுப் பட்டத்தில் மேலோட்டமாகத் தொட்டதையெல்லாம் இறங்கிச் செய்யவேண்டிவரும். எல்லாவற்றுக்கும் மேலே நான்காம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை. சிறப்புப் பட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

என் ஆய்வு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், அதையேதான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். இறைத்த நீரோடு உரமும் திரும்ப உள்ளே இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தபோது அது பரீட்சைக்கான எண். சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு நாற்பது கிணற்றடிக்குப் போய், ஒவ்வொரு வீட்டிலும் "ஏன் பிள்ளை எங்கட தண்ணியை எடுக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, நீரை எடுத்துவந்து சோதித்த பிறகு, அது எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை குடிக்கும் தண்ணீரின் எண் ஆகிவிட்டது. முடிவை எழுதும்போது ஒரு கிணற்றின் அளவு மட்டும் பொருந்தாமல் நின்றது. மூன்று முறை திரும்பப் போனேன். விடை தெரியாத ஒன்றை யாரும் சொல்லித்தராமல் நானாகத் துரத்திப் பிடித்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த ஓராண்டு எனக்குத் தந்ததை வேறு எந்தப் படிப்பும் தரவில்லை என்று இன்றும் சொல்வேன்.

எங்கள் பல்கலைக்கழகங்களின் துறை அலுமாரிகளில் அடுக்கியிருக்கும் மாணவர் ஆய்வுகளை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும். ஒரு கிராமத்தின் குளம், ஒரு கோயிலின் திருவிழா ஒழுங்கு, இடம்பெயர்ந்து திரும்பிய ஒரு ஊரின் குடும்பக் கணக்கு: வேறு எவரும் எழுதிவைக்காத எத்தனையோ விடயங்களை இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் இது எல்லாருக்கும் இப்படி அமையாது, அதையும் சொல்லவேண்டும். என் சக மாணவி ஒருத்தி வேறொரு துறையில் இருந்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் இடைநடுவில் வெளிநாடு போய்விட்டார். புதியவருக்கு அவளுடைய தலைப்பில் பழக்கமில்லை, அவள் இரண்டு முறை தலைப்பை மாற்றினாள், கடைசியில் பழைய ஆய்வுகளைப் பார்த்து ஏதோ எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு நான்காம் ஆண்டு வெறும் காத்திருப்பாகப் போனது. பாடத்தைத் தெரிவுசெய்யும்போது ஆளையும் பாருங்கள் என்று பெறாமகளுக்கு நான் அழுத்திச் சொன்னது இதனால்தான். அந்தத் துறையில் நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், உனக்குப் பிடித்த பகுதியில் மேற்பார்வை செய்யக்கூடியவர் யார், அவர் அடுத்த இரண்டு ஆண்டும் இங்கே இருப்பாரா? கேட்பதில் வெட்கம் இல்லை.

வேலைக்கு வருவோம். எங்கள் வீடுகளில் பட்டம் என்றால் முதலில் அரச வேலைதான் நினைவுக்கு வரும், அதை நான் குறைசொல்லமாட்டேன். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்று போதும், மூன்றாண்டா நான்காண்டா என்று கேட்பதில்லை. வயதெல்லை மட்டும் உண்டு. அந்தப் பரீட்சையே உன் இலக்கு என்றால், பொதுப் பட்டத்தை முடித்துவிட்டு, மிச்சமாகும் ஆண்டைப் பொது அறிவுக்கும் நுண்ணறிவுத் தாளுக்கும் மொழிக்கும் செலவிடுவது கெட்டித்தனம். அங்கே முடிவு செய்வது பரீட்சைப் புள்ளிதான். ஆசிரியத் தொழிலும் அப்படியே. பட்டதாரி ஆசிரியர் வெற்றிடங்கள் பாடவாரியாக வரும். மூன்று பாடம் கையில் இருப்பவருக்குச் சில வேளை வாசல் கூடுதலாகத் திறக்கும். பிறகு செய்யும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும் பொதுப் பட்டம் தடையில்லை.

இதில் காலக் கணக்கும் இருக்கிறது. அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்க்கும்போது, இன்ன திகதிக்கு முன் பட்டம் செல்லுபடியானவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கோடு போடும். 2020-இல் பல்லாயிரம் பட்டதாரிகளைச் சேர்த்தார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களையும் அந்தப் பக்கம் நின்றவர்களையும் எனக்குத் தெரியும். ஒரே நாளில் கம்பஸுக்குள் வந்தவர்கள், ஒருவருக்கு வேலை, மற்றவருக்கு வேலையில்லாப் பட்டதாரிகளின் போராட்டக் கொட்டகை. அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று எவராலும் சொல்லமுடியாது, ஆகவே அதை நம்பி மூன்றாண்டைத் தெரிவுசெய்யச் சொல்லவும் என் மனம் ஒப்பாது. ஆனால் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாத பிள்ளைக்கு இது சின்ன விடயமும் இல்லை.

பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக வர ஆசைப்படுகிறவருக்குக் கணக்கு தலைகீழ். சிறப்புப் பட்டம் வேண்டும், அதிலும் நல்ல வகுப்பு வேண்டும். உதவி விரிவுரையாளர் என்ற தற்காலிக இடத்துக்கே துறையின் சிறந்த சிறப்புப் பட்டதாரிகளைத்தான் கூப்பிடுவார்கள். ஆய்வு நிறுவனம், அருங்காட்சியகம், தொல்லியல், புள்ளிவிவரம், ஆய்வுகூடம் என்று ஒரு பாடத்தின் பெயரையே கேட்கும் வேலைகளும் இந்தப் பக்கந்தான். விஞ்ஞானபீடப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மை. இரசாயனவியலாளர் ஒருவரைத் தேடும் இடத்தில், இரசாயனத்தில் நான்காண்டும் ஆய்வும் முடித்தவர் விண்ணப்பித்திருந்தால் மூன்று பாடக்காரருக்கு நிற்க இடம் குறைவு.

வெளிநாடு என்ற கேள்வி இல்லாமல் எங்கள் வீடுகளில் எந்தப் பேச்சும் முடியாது. அங்கே கனடாவில் இருக்கும் மாமாவும் லண்டனில் இருக்கும் பெரியம்மாவும் சொல்லும் 'ஹொனர்ஸ்' ஒரே பொருள் அல்ல. இங்கிலாந்தில் மூன்று ஆண்டுப் பட்டமே பெரும்பாலும் ஹொனர்ஸ் பட்டந்தான். அது அங்கே வழமை, தனிச் சிறப்பு இல்லை. ஸ்கொட்லாந்தில் ஹொனர்ஸுக்கு நான்கு ஆண்டு, எங்களைப்போல. அவுஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டத்தை முடித்தபின், நல்ல புள்ளி இருந்தால் தனியே ஓராண்டு ஹொனர்ஸ் செய்வார்கள். அதில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவோ எடுத்தவர் நேரே கலாநிதி ஆய்வுக்குப் போகலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் முதுமாணிக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டு இளமாணியைத்தான் எதிர்பார்க்கும். எங்கள் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் அதிகம் இடறிவிழுவது அந்த இரண்டு நாடுகளின் வாசலில்தான்.

இந்தியாவிலும் இப்போது மாறியிருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 'ஆனர்ஸ்' என்றால் நெடுங்காலம் ஒரே பாடத்தில் மூன்றாண்டு. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த கட்டமைப்பில், மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவருக்கு 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' என்ற தனி வழியும் உண்டு. தமிழ்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் இன்றும் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. தான் பெருவழக்கு. அங்கே ஒரு காலத்தில் 'பி.ஏ. ஆனர்ஸ்' பெரிய பெயர், அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்ததும் அதுதான். ஆகவே ஒரு தமிழ்நாட்டுத் தாத்தாவிடமும் டில்லியில் படிக்கும் அவருடைய பேத்தியிடமும் இந்தச் சொல்லைக் கேட்டால் வேறு வேறு விடை வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிரெடிட் எண்களை நாடு விட்டு நாடு அப்படியே ஒப்பிடாதீர்கள். எங்கள் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, ஒப்படை, சொந்த வாசிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம். ஆகவே எங்கள் 120 கிரெடிட் சிறப்புப் பட்டம் 6000 மணித்தியாலம், ஸ்கொட்லாந்தின் 480 கிரெடிட் 4800, இங்கிலாந்தின் 360 கிரெடிட் 3600. வெளிநாட்டு விண்ணப்பத்தில் "உங்களுக்கு 120 கிரெடிட்தானே" என்று யாராவது கேட்டால், தகைமைகள் சட்டகத்தின் அந்தப் பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். எண் சிறியதென்று நாமே முதலில் தளர்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பொதுப் பட்டம் முடித்தவருக்கு மேலே வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. பட்டப்பின் டிப்ளோமாவோ பாடநெறி முதுமாணியோ செய்து, அங்கிருந்து ஆய்வுக்குப் போகலாம். சுற்றுவழி, ஆனால் வேலை பார்த்துக்கொண்டே போகக்கூடிய வழி. சம்பளம் வரும், சனி ஞாயிறுகளில் வகுப்பு. முப்பது வயதில் அப்படிப் படித்து முதுமாணி எடுத்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். எது படிக்கவேண்டும் என்று அனுபவத்தில் தெரிந்தபின் படிப்பதில் ஒரு தெளிவும் இருக்கும்.

என் பெறாமகளை வாய் மூடவைத்தது இதெல்லாம் அல்ல, ஒரு சின்னக் கணக்கு. அவளுடைய முதலாம் ஆண்டு ஜீபிஏ 3.00. எல்லா ஆண்டுகளும் சமமாகக் கணக்கில் சேரும் என்று வைத்துப் பார்ப்போம். சில பீடங்களில் முதலாம் ஆண்டு சேராது, அதையும் கைநூலில் பாருங்கள்.

30 கிரெடிட் முடிந்திருக்கிறது. பொதுப் பட்டம் என்றால் இன்னும் 60. மொத்தம் 3.30 வந்து மேல்நிலை கிடைக்க, மிச்ச இரண்டு ஆண்டும் சராசரி 3.45 எடுக்கவேண்டும். முதலாம் வகுப்புக்கு 4.05 வேண்டும். உச்சமே 4.00, ஆகவே அந்தக் கதவு பூட்டிவிட்டது. சிறப்புப் பட்டம் என்றால் இன்னும் 90 கிரெடிட் இருக்கிறது. மேல்நிலைக்கு 3.40 போதும். முதலாம் வகுப்புக்கு 3.93, மிகவும் கடினம், ஆனால் நடக்கமுடியாதது அல்ல. முதலாம் ஆண்டில் தடுமாறிய பிள்ளைக்கு நான்காம் ஆண்டு எழும்பி நிற்க இடம் கொடுக்கிறது. மறுபக்கமும் உண்டு. முதலாம் ஆண்டிலேயே 3.75 எடுத்த பிள்ளை, பிடிக்காத சிறப்புத் துறைக்குள் போய்ச் சோர்ந்தால், கையில் இருந்த வகுப்பையும் இழக்கலாம். பொதுப் பட்டத்தில் மேல்நிலை, சிறப்பில் சாதாரண சித்தி என்று இரண்டை என் முன்னால் வைத்தால், பல்கலைக்கழக வேலையைக் குறிவைக்காத பிள்ளைக்கு நான் முதலாவதையே சொல்வேன்.

"ஓராண்டுதானே" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். எங்கள் நாட்டில் கல்வியாண்டு நாட்காட்டிப்படி ஓடுவதில்லை. 2020-இல் தொற்று, 2022-இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத மாதங்கள், 2024-இல் கல்விசாரா ஊழியர்களின் நீண்ட வேலைநிறுத்தம். உயர்தரம் எழுதிவிட்டு வாசலிலேயே ஒரு வருடம் காத்திருந்து உள்ளே வந்த அணிகள் இவை. கடைசி ஓராண்டு ஒன்றரை ஆண்டாகலாம். மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து போர்டிங்கில் நிற்கும் பிள்ளைக்கு அது அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு. மகாபொலப் புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ கிடைத்தாலும் அது முழுச் செலவுக்குக் காணாது. இந்தக் கணக்கை வெட்கப்படாமல் தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். காசு காரணமாகப் பொதுப் பட்டம் எடுத்தவர் கெட்டிக்காரர் இல்லை என்று எவர் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று எங்கள் பெண்பிள்ளைகளுக்காக. "மூன்று வருசத்தில முடிச்சிட்டால் கலியாணம் பேசலாம்" என்பதற்காக மட்டும் பொதுப் பட்டத்தைத் தெரிவுசெய்யச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளை ஒரு பாடத்தில் ஊறி நிற்கிறாள், அந்த ஆய்வைச் செய்யவேண்டும் என்று அவளுக்கு ஆசை, துறையும் எடுக்கிறது என்றால், அந்த ஓராண்டை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். வரன் பிறகும் வரும், அந்த இருக்கை பிறகு வராது.

என் பெறாமகளுக்குப் புவியியலும் தமிழும் பிடிக்கும். மூன்றாவது பாடத்தைச் சுமைபோல இழுத்துக்கொண்டு திரிகிறாள். நிர்வாக சேவை பற்றிக் கேட்டால் "அப்பாவுக்கு விருப்பம்" என்கிறாள். வயல்வெளி ஆய்வுக்குப் போன நாளைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைக்கிறாள். சிறப்புப் பட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. மூன்று கேள்விகளை எழுதிக்கொடுத்தேன்: முதலாம் ஆண்டுப் புள்ளி இறுதி வகுப்புக்குச் சேருமா? சிறப்புக் கற்கையில் இடையில் தவறினால் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேற விதி இடம்கொடுக்கிறதா? நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்ய விரும்பினால் யார் மேற்பார்வை செய்வார்?

திங்கட்கிழமை காலையில் துறைத் தலைவரைச் சந்திக்கப் போகிறாள். அதுவரை படிவத்தில் ஒரு எழுத்தும் எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தொலைபேசியை வைக்கும்போது, "சின்னம்மா, அந்தப் பொருந்தாத கிணறு கடைசியில என்ன ஆச்சுது?" என்று கேட்டாள். அதைச் சொல்லிமுடிக்க இன்னும் அரை மணித்தியாலம் ஆனது.